கச்சானில் கருகும் செடிகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு வெறும் மணல். வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று வீசத் தொடங்கினால், காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும்.

நண்பகலில் கத்தரி இலை தொங்கினால் பதறி வாளியைத் தூக்காதீர்கள். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் கவலையில்லை. விடியற்காலையிலும் வாடியே நின்றால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தாகம், ஈரமாக இருந்தால் வேரில் கோளாறு.

வெயில் சுட்ட செடியில், வெயிலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வெளிறிய, காகிதம் போன்ற திட்டு இருக்கும். தக்காளியில் அந்த இடம் வெள்ளையாகிக் குழியும், பிறகு பூஞ்சணம் குடியேறும். அந்தக் காயைப் பறித்துவிடுங்கள். கருகினாலும் இலையை வெட்டாதீர்கள். கருகிய இடம் மறுபடி பச்சையாகாதுதான், ஆனால் கீழே இருக்கும் காய்க்கு அதுதான் குடை. ஒரு வருடம் நான் அழகு பார்த்து எல்லாவற்றையும் கிள்ளியெறிந்தேன். மூன்றே நாளில் மிச்சக் காய்களும் வெந்துபோயின.

மேற்குப் பக்கம் ஒரு பழைய கிடுகைச் சாய்த்துக் கட்டுங்கள். காற்றையும் அது தடுக்கும். அடியில் சருகு இரண்டு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல். தண்ணீர் விடியலில், வேருக்கு. புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

இலை நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், குற்றவாளி வெயில் அல்ல, உப்பாக இருக்கலாம்.