சோதனையா, கண்காணிப்பா, சான்றிதழா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் உள்ள சுங்க முகவர் அலுவலகங்களில் புதிதாகக் கணினிப் பொறுப்பேற்ற இளைஞர்கள் பலர் கையில் கணினிப் பாதுகாப்புச் சேவைகளுக்கான விலைப்புள்ளிகளோடு என்னிடம் வருகிறார்கள். ஊடுருவல் சோதனைக்கு ஒன்று, 24 மணி நேரக் கண்காணிப்புக்கு ஒன்று, தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழுக்கு ஒன்று. "இதில் எதை சார் வாங்கலாம்?" என்கிறார்கள். எங்கள் தலைமுறை இதே கேள்வியை அவசரமாக முடித்துப் பணத்தை இழந்தது. இவர்களும் அதே வழியில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. ஆன்டிவைரஸ் போடுங்கள், தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒருவன் இன்று உள்ளே நுழைய முடியுமா என்று சொல்வது சோதனை. நுழைந்தால் நமக்குத் தெரியுமா என்பது கண்காணிப்பின் வேலை. நம் நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்று வெளியாருக்குக் காட்டுவது சான்றிதழ். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றின் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஸ்கேன் அறிக்கையைச் சோதனை என்று வாங்குவது

குறைகளைத் தானாகத் தேடும் ஸ்கேன் மென்பொருளை ஓடவிட்டு, அது கக்கிய நூற்றுக்கணக்கான பக்கங்களை பைண்டு செய்து ஊடுருவல் சோதனை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. "இந்தக் குறையின் வழியாக நுழைந்தோம், இந்தக் கோப்பை எடுத்தோம்" என்ற வரி அதில் எங்கும் இருக்காது. ஸ்கேன் வேண்டியதுதான், மாதந்தோறும்கூட ஓட்டலாம். ஆனால் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துச் செய்யும் வேலைக்கான கூலியை அதற்குக் கொடுக்காதீர்கள்.

எதைச் சோதிக்கச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் காலை முதல் இரவு வரை ஒரே கணினியில் செருகியபடி கிடப்பதையும், அதன் ரகசிய எண் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் இணையதளத்தை மட்டும் சோதிக்கும் ஒப்பந்தம் அந்த மேசைப் பக்கமே வராது.

எச்சரிக்கை வந்தால் முடிவெடுக்க ஆள் இல்லாமல் கண்காணிப்பு வாங்குவது

எனக்கு இன்றும் ஆத்திரம் மூட்டுவது இதுதான். ராயபுரத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம் கண்காணிப்பு மையம் ஒன்றுக்குத் தவறாமல் சந்தா கட்டிவந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் பெட்டிக்குள் வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைந்தார்கள். சிறிது நேரத்தில் பெட்டிக்குள் ஒரு விதி முளைத்தது: 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள அஞ்சல்கள் எல்லாம் வெளி முகவரி ஒன்றுக்குப் போகவேண்டும், இங்கே படித்ததாகக் குறிக்கப்பட வேண்டும்.

கண்காணிப்பு மையம் இதைச் சரியாகப் பிடித்தது. உடனே எச்சரிக்கை அஞ்சல் அனுப்பியது. அது போய்ச் சேர்ந்தது வேலையை விட்டுப்போன ஊழியரின் முகவரிக்கு. பிறகு தொலைபேசியில் அழைத்தார்கள். எடுத்தவர் மூத்த கணக்காளர்.

"சார், இந்தக் கணக்கை இப்போதே முடக்கிவிடட்டுமா?"

"முதலாளியைக் கேட்காமல் எப்படித் தம்பி? காலையில் கப்பல் வருகிறது. அஞ்சல் நின்றுபோனால் யார் பதில் சொல்வது?"

முதலாளி அப்போது ஊரில் இல்லை. திங்கட்கிழமை, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற போலி அஞ்சலை நம்பி வாடிக்கையாளர் பணத்தை அனுப்பிவிட்டார். அது திரும்பி வரவில்லை. பழி கணக்காளர் தலையில் விழுந்தது. முடக்கும் அதிகாரத்தை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2013 செப்டம்பரில்தான் கடன், பற்று அட்டைகளுக்கான பாதுகாப்புத் தரச் சான்று பெற்றிருந்தன. குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். கருவி எச்சரித்தது, பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு பார்த்து, அமெரிக்கத் தலைமையகத்துக்குச் சொன்னது. அங்கே யாரும் அசையவில்லை. சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் போயின.

ஆகவே கையெழுத்திடும் முன் எச்சரிக்கை வந்தால் முடிவெடுக்கும் மூவரின் பெயர்களையும் கைப்பேசி எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாரையும் கேட்காமல் மையமே எதையெல்லாம் முடக்கலாம் என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், முன்கூட்டிச் சொல்லாமல், பொய் எச்சரிக்கை ஒன்றை விடச் சொல்லிப் பாருங்கள். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். கணினிகளின் இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். முதலாளி ஊர் திரும்பும்வரை அந்த 6 மணி நேரம் காத்திருக்காது.

பதில் சொல்ல ஆளே இல்லாத சிறிய அலுவலகமா? அந்தச் சந்தாவை நிறுத்துங்கள். எல்லா அஞ்சல் பெட்டிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள், வெளி முகவரிக்குத் தானாக அனுப்பும் வசதியை மூடுங்கள், வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த காப்புப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். முதல் ஆண்டுக்கு இதுவே நல்ல செலவு.

சான்றிதழின் எல்லையைப் படிக்காமல் விடுவது

ஐ.எஸ்.ஓ. சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அது எந்த அலுவலகத்துக்கு, எந்தப் பணிக்குப் பொருந்தும் என்ற வரி சிறிதாக இருக்கும். பாரிமுனை அலுவலகத்துக்கு வாங்கிய சான்றிதழ், மாதவரம் கிடங்கில் ஓடும் சர்வரைக் கணக்கில் கொள்ளாமல் போகலாம். அந்தத் தரத்தின் 2022 பதிப்பின் பிற்சேர்க்கையில் 93 பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உள்ளன. எவற்றை, ஏன் விலக்கினீர்கள் என்று பெரிய வாடிக்கையாளர் கட்டாயம் கேட்பார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டி அதிலிருந்து விலக்குப் பெற முடியாது.

ஆலை ஓடும்போது கட்டுப்பாட்டு வலையமைப்பை ஸ்கேன் செய்வது

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைக்காரர்களுக்கு: கூடவே கூடாது. இயந்திரங்களை இயக்கும் பழைய பி.எல்.சி. கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அந்தச் சுமையிலேயே நின்றுபோகலாம். பராமரிப்புக்காக ஆலை நிற்கும் நாளில் செய்யுங்கள்.

பழுது பார்ப்பவரிடமே தணிக்கையையும் கொடுப்பது

வேண்டாம்.

மிச்சப் பணத்துக்கு மார்ச்சில் சோதனை வைப்பது

அறிக்கை ஏப்ரலில் வரும். அதில் சொன்னதைச் சரிசெய்யப் புதிய ஆண்டின் கணக்கில் யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அக்டோபரில் வையுங்கள், சரிசெய்த பிறகு மறுசோதனை செய்வதற்கான கட்டணத்தையும் அதே விலைப்புள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள்.