அறுவடை மெஷின் புக்கிங் தளத்துக்கு எந்த சர்வர் எடுப்பது?

மன்னார்குடிப் பக்கம் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் சிலருக்காக ஒரு புக்கிங் தளம் செய்தேன். சாதாரண வி.பி.எஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து நாமே பார்த்துக்கொள்வதா, பராமரிப்பை கம்பெனியே செய்யும் மேனேஜ்டு சேவைக்குப் போவதா என்று நான் முடிவெடுத்த வழி இது. டொமைன், எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கூட்டம் எப்போது?

குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில். சம்பா, தாளடி என்றால் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி. மற்ற மாதங்களில் தளத்துக்குப் பெரிய வேலை இல்லை. கூட்டம் வரும் மாதம் முன்பே தெரிவதால், தானாக விரியும் ஆட்டோஸ்கேலிங்குக்குப் பணம் கட்டத் தேவையில்லை. 1 ஜிபி ராமும் உபுண்டு 24.04-ம் போதும். பெங்களூரிலேயே டேட்டா சென்டர் இருப்பதால் என் ஓட்டு டிஜிட்டல்ஓஷன் என்ற சர்வர் வாடகை கம்பெனிக்கு.

படி 2: சைஸ் மாற்றுவது

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். டிராப்லெட்டை (டிஜிட்டல்ஓஷனில் வி.பி.எஸ்-க்கு இதுதான் பெயர்) நிறுத்திவிட்டு ரீசைஸ் பக்கம் போனால் இரண்டு வழி இருக்கும். ஒன்று, சிபியு, ராம் மட்டும் கூட்டுவது. மற்றது, டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டுவது. டிஸ்க்கை ஒருமுறை கூட்டிவிட்டால் சுருக்க முடியாது. பழைய சின்ன பிளானுக்கும் இறங்க முடியாது. அறுப்பு மாதத்து வாடகையையே வருடம் முழுக்கக் கட்ட வேண்டிவரும். அதனால் முதல் வழியையே எடுங்கள், அறுப்பு முடிந்ததும் இறக்கிவிடலாம்.

அமேசானின் வி.பி.எஸ் சேவையான லைட்செயிலில் இப்படி இறங்க வழியில்லை. ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்துப் பெரிய பிளானில் புது சர்வர் எழுப்பலாம், சின்ன பிளானுக்கு அந்த ஸ்னாப்ஷாட் உதவாது.

இன்னொன்று: டிராப்லெட்டை நிறுத்தி வைத்தாலும் பில் ஓடும். அழித்தால்தான் நிற்கும்.

படி 3: டேட்டாபேஸ்

இதை மட்டும் மேனேஜ்டு சேவையில் வையுங்கள். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது இங்கே பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் பெங்களூர் சர்வருக்கு ஒன்றும் ஆகாது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆளால்தான் உள்ளே நுழைய முடியாது. தினசரி பேக்கப்பும் பேட்ச்சும் நம் கையை எதிர்பார்க்காமல் நடக்க வேண்டும். இன்னொருவர் மெஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு அதில் இருக்கிறது. புக்கிங் பக்கம் கொஞ்ச நேரம் படுத்தால் போனில் சமாளிக்கலாம், கணக்கு போனால் முடியாது.

படி 4: கதவை மூடுவது

டேட்டாபேஸ் செட்டிங்கில் டிரஸ்டட் சோர்சஸ் (எங்கிருந்து உள்ளே வரலாம் என்ற பட்டியல்) பகுதியில் உங்கள் டிராப்லெட்டை மட்டும் சேருங்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்த பிறகு லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸ் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வீட்டு ஐபியைச் சேர்க்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். டிராப்லெட் வழியாக எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு உள்ளே போங்கள்.