பொருள் வெளியே போக ஒரு வாசல்

எழும்பூர் அருங்காட்சியக வாசலில் ஒரு கேமரூன் மாணவர் கேட்டார்: "மேடம், எங்கள் ஊர் அரண்மனைப் பொருட்களுக்கு ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும். எங்கே தொடங்குவது?" அவர் கண்ணில் நின்றது ஃபும்பான். பமூம் அரசின் தலைநகரான அங்கே 2024-இல் இரட்டைத் தலைப் பாம்பும் சிலந்தியுமான வடிவில் ஓர் அருங்காட்சியகக் கட்டடம் எழும்பியிருக்கிறது.

கட்டடம் அப்புறம். இருபது வருடமாகப் பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு பொருளுக்கும் எழுதுங்கள்: யாருடையது, யார் தொடலாம், எந்த நாளில் வெளியே எடுப்பார்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபும்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நுகுவோன் விழா. அரசரையே மக்கள் முன் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அரண்மனைப் பொருட்கள் இன்றும் சடங்குக்கு வேண்டியவை. நமக்கு இது புதிதா? திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் இருக்கும் உற்சவர்கள் திருவிழாவுக்கு ஊர் போய்த் திரும்புகிறார்களே! ஆகவே உங்களிடம் உள்ள மிகப் பெரிய முரசை அளந்து, அதற்கேற்ப வாசலையும் சரிவுப் பாதையையும் வையுங்கள்.

அந்தப் பக்கத்து அரியணைகளில் செதுக்கிய மரத்தின் மேல் துணி, துணியின் மேல் கண்ணாடி மணியும் சோழியும் கோத்துத் தைத்திருப்பார்கள். பெரும்பாலும் மணிக்கு முன் நூல்தான் இற்றுப்போகும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒரு வரிசை மொத்தமும் உதிர்ந்துவிடும். அடியில் பலகை கொடுத்து, இருவராகத் தூக்குங்கள். வெயில் படவே கூடாது. ஈரப்பதம் ஏறி ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். ஓரிடத்தில் பகலில் ஏசி ஓடும், இரவில் அணைத்துவிடுவார்கள். ஒரே மழைக்காலத்தில் மரக் குதிரை வாகனத்தின் கழுத்தில் விரல் நுழையும் விரிசல். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரை விட்டுப் போன பொருளுக்கும் இடம் ஒதுக்குங்கள். பமூம் அரசர் ன்ஜோயாவின் அரியணை 1908-இல் ஜெர்மன் பேரரசருக்குப் போனது. இன்றும் பெர்லினில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு ஒரு பீடத்தைக் காலியாக விட்டு, படமும் கதையும் வையுங்கள்.

விளக்க அட்டையில் உங்கள் மொழி முதலில் வரட்டும். ன்ஜோயா தம் மொழிக்கென்று எழுத்தே உருவாக்கியவர். சரி, எழுதியாயிற்றா? அச்சுக்குக் கொடுக்கும் முன் ஊர்ப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் வரியை எடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.