எந்தக் கந்தோருக்குப் போவது? அவுஸ்திரேலியாவின் மூன்று அரசுகள்

மெல்பேர்ணுக்கு வந்த முதல் வருடம் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அவசர இலக்கமான 000க்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள், ஒரு சதமும் கேட்கவில்லை. மூன்று கிழமை கழித்துத் தபாலில் ஒரு பில் வந்தது, ஆயிரம் டொலருக்கு மேல். அம்புலன்ஸ் வந்துபோனதற்கு! "மெடிகெயர் அட்டைதான் இருக்கே?" என்று மாமி திரும்பத் திரும்பக் கேட்டார். அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயர் மத்திய அரசுடையது, அம்புலன்ஸ் மாநில அரசுடையது, இவை போக உள்ளூரில் கவுன்சில் என்று மூன்றாவதும் ஒன்று உண்டு என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. குயின்ஸ்லாந்திலோ டஸ்மேனியாவிலோ குடியிருந்தால் அந்த பில் வந்திராது. அந்த மாநிலத்தவருக்கு அம்புலன்ஸ் இலவசம். மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியாவில் வருடச் சந்தா கட்டி அங்கத்தவராக வேண்டும், அல்லது தனியார் காப்புறுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வந்த கிழமையே செய்துவிடுங்கள்.

இலங்கையில், ஊரில் 'சமஷ்டி' (கூட்டாட்சி) என்ற சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். 1949இல் செல்வநாயகம் தொடங்கிய தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி என்றே பெயர். ஆனால் சமஷ்டிக்குள் ஒருநாளும் வாழ்ந்து பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் அந்தச் சொல் மேடையை விட்டு இறங்கி, லைசன்சும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரி பில்லுமாக வீட்டுக்குள் வந்தது.

1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரித்தானியக் குடியேற்றங்கள் சேர்ந்துதான் இந்த நாடு உருவானது. ஆறுக்கும் அதற்கு முன்பே தனித்தனிப் பாராளுமன்றம் இருந்தது. தண்டவாளத்தின் அகலம்கூட ஒத்துப்போகவில்லை. சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் போகிறவர்கள் 1962 வரை எல்லையில் அல்பரியில் இறங்கி ரயில் மாறினார்கள். இப்படி ஏற்கெனவே தனிக்குடித்தனம் நடத்தியவர்கள் எல்லாவற்றையும் தூக்கி, மத்திய அரசு இருக்கும் தலைநகர் கன்பராவிடம் கொடுப்பார்களா? மத்திய பாராளுமன்றம் எந்தெந்த விடயங்களில் சட்டம் போடலாம் என்று அரசியலமைப்பின் 51ஆம் பிரிவில் எழுதினார்கள். எழுதாமல் விட்டதெல்லாம் மாநிலத்துக்கு. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியலிலும் இல்லாத மிச்ச அதிகாரம் டெல்லிக்குப் போகும், இங்கே அது மாநிலத்திடம் நிற்கும். இரண்டு சட்டமும் முட்டிக்கொண்டால் 109ஆம் பிரிவின்படி மத்திய சட்டம்தான் செல்லும்.

உங்கள் அன்றாடத்தில் இது எப்படி வரும்? விசா, குடியுரிமை, வருமான வரி, அரசு உதவிப்பணம் தரும் சென்டர்லிங்க் எல்லாம் மத்திய அரசு. அதோடு உங்களுக்கு வேலை பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அதற்குப் பிறகு நீங்கள் மல்லுக்கட்டப்போவது மாநிலத்தோடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், ரயில், ட்ராம், வாகனப் பதிவு, வாடகை வீட்டுச் சட்டம், வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரி எல்லாம் அங்கேதான்.

அதனால் மாநிலம் மாறுவதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். சிட்னியில் வேலை கிடைத்து மெல்பேர்ணிலிருந்து போனால் லைசன்சை மாற்ற வேண்டும், வாகனத்தையும் புதிதாகப் பதிய வேண்டும். பள்ளிக்கூடப் பெயர்கள்தான் பெரிய குழப்பம். மெல்பேர்ணில் 'கின்டர்' என்றால் பள்ளிக்கூடத்துக்கு முந்தைய பாலர் வகுப்பு. பள்ளியின் முதல் வருடம் 'ப்ரெப்'. சிட்னியில் அந்த முதல் வருடத்துக்கே 'கின்டர்கார்ட்டன்' என்று பெயர், அடிலெய்டில் 'ரிசெப்ஷன்'. உயர்தரப் பரீட்சையும் வேறு: சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி., விக்டோரியாவில் வி.சி.ஈ. இரண்டிலும் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம் என்பது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதல், பெற்றோருக்கு நிறையவே. மணிக்கூடும் மாநில விவகாரம்தான். கோடையில் சிட்னியும் மெல்பேர்ணும் ஒரு மணிநேரம் முன்னே தள்ளிவைக்கும், பிரிஸ்பேன் தள்ளாது. அங்கே இருக்கும் அண்ணையை விடிய எழுப்பிவிட்டு ஏச்சு வாங்காதீர்கள்.

காசு விடயத்தில் மாநிலத்தின் கை தாழ்ந்ததுதான். 1942இல் போர்க்காலத்தில் வருமான வரியைக் கன்பரா தன் கையில் எடுத்தது, பிறகு திரும்பக் கொடுக்கவில்லை. 2000இல் வந்த 10 சதவீத ஜி.எஸ்.ரி.யையும் (பொருள், சேவை வரி) கன்பராதான் வசூலிக்கிறது, ஆனால் அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போகிறது. யாருக்கு எவ்வளவு என்பதில் வருடாவருடம் சண்டை. ஆஸ்பத்திரியில் காத்திருப்பு நீண்டால் மாநிலம் "கன்பரா காசு தரவில்லை" என்னும், கன்பரா "நிர்வாகம் சரியில்லை" என்னும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது அரசு, கவுன்சில் என்னும் உள்ளூராட்சி மன்றம். குப்பைத்தொட்டி, நூலகம், உள்வீதி, வீட்டோடு ஒட்டிக் கூரை போடுவதற்கான அனுமதி. அரசியலமைப்பில் இதன் பெயரே இல்லை. சேர்க்கலாமா என்று 1974இலும் 1988இலும் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டு முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள். மாநிலச் சட்டத்தின் தயவில்தான் கவுன்சில் நடக்கிறது.

குடியுரிமை எடுத்தபின் மத்தியத் தேர்தலிலும் மாநிலத் தேர்தலிலும் வாக்களிப்பது கட்டாயம். போகாவிட்டால் தண்டக் கடிதம் வரும். அதற்கு முன்பும் உங்களுக்கு இரண்டு எம்.பி.மார் இருக்கிறார்கள், கன்பராவுக்கு ஒருவர், மாநிலப் பாராளுமன்றத்துக்கு ஒருவர். வாக்கு இல்லாவிட்டாலும் அவர்களின் கந்தோருக்குப் போய்ப் பேசலாம். விசா இழுபட்டால் முதலாமவரிடம், பள்ளிக்கூடத்துப் பிரச்சினை என்றால் இரண்டாமவரிடம். ஆள்மாறிப் போனால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இது எங்கள் பொறுப்பில் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். போகுமுன் வந்த கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள்: கேடயத்தின் ஒருபக்கம் கங்காரு, மறுபக்கம் ஈமு நின்றால் அது கன்பரா.