மகளிர் இரட்டையர் டென்னிஸைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுப் பக்கத்தில் மகளிர் இரட்டையர் ஆட்டத்தின் முடிவு "6-4, 3-6, 10-7" என்று இருப்பதைக் கண்டதும், மூன்றாவது செட் பதினேழு கேம்கள் நீண்டது என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். அந்த ஆட்டத்தில் மூன்றாவது செட்டே கிடையாது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் தொடர்களில் இரு ஜோடிகளும் ஆளுக்கொரு செட்டை வென்றால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக் வைக்கிறார்கள். முதலில் பத்தை எட்டி, இரண்டு புள்ளி முன்னிலையும் பெற்ற ஜோடிக்கே வெற்றி. பதினேழு என்பது கேம்களின் எண்ணிக்கையல்ல, புள்ளிகளின் எண்ணிக்கை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தத் தொடர்களில் 40-40 என்று வந்தால் 'அட்வான்டேஜ்', அதாவது இரண்டு புள்ளி முன்னிலை பெற்றால்தான் கேம் என்ற முறை, இல்லை. அடுத்த ஒரு புள்ளியிலேயே கேம் முடிகிறது. அந்தப் புள்ளிக்கு சர்வீஸ் வலப்பக்கம் வரவேண்டுமா, இடப்பக்கம் வரவேண்டுமா என்பதை எதிர்கொள்ளும் ஜோடி தீர்மானிக்கும். அதாவது, இருவரில் யார் பந்தை எதிர்கொள்வது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். அந்த நேரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆட்டத்தின் ஆகப் பெரிய முடிவொன்றைத் தவறவிட்டீர்கள் என்று பொருள்.

இதே விதிகள் விம்பிள்டனிலும் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. அங்கே மகளிர் இரட்டையரில் மூன்றாவது செட்டை முழுமையாக ஆடுகிறார்கள், அட்வான்டேஜும் உண்டு. 2015 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் மகரோவா - வெஸ்னினா ஜோடியிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டை-பிரேக்கில் மீட்ட சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து 5-5 வரை வந்தபோது இருட்டிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, கூரையை மூடி, விளக்குகளின் கீழ் தொடர்ந்தார்கள். 5-7, 7-6, 7-5. மகளிர் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியா. பத்துப் புள்ளிக் குறுக்குவழி இருந்திருந்தால் அந்த 2-5 என்ற பள்ளமும் இல்லை, அதிலிருந்து ஏறிவந்த கதையும் இல்லை. குறுகிய முறை அட்டவணைக்கு வசதியானது. ஆனாலும் இரட்டையரின் முழு அழகு முழு செட்டில்தான் இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம்.

தரவரிசை விஷயத்திலும் குழப்பம் அதிகம். இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். வாரந்தோறும் வெளியாகும் அந்தப் பட்டியலில் இருப்பது தனித்தனி வீராங்கனைகளின் இடம். தொடரில் ஜோடிக்குத் தரநிலை (சீடிங்) வழங்கும்போதுதான் இருவரின் இடங்களையும் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டுத்தொகை குறைந்த ஜோடி மேலே வரும். 41 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற சானியாவும் ஹிங்கிஸும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தபோதே, 2016 ஆகஸ்டில் பிரிந்தார்கள். பிரிந்த கையோடு நடந்த சின்சினாட்டி தொடரின் இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சானியாவுடன் பார்போரா ஸ்டிரிகோவா, ஹிங்கிஸுடன் கோகோ வாண்டவே. சானியாவின் ஜோடி வென்றது. அவர் தனியாகவே முதலிடத்தில் அமர்ந்தார். ஜோடி கலைந்தாலும் அவரவர் சேர்த்த புள்ளிகள் அவரவரிடமே இருக்கும்.

ஒற்றையரில் பெயர் பெற்றவர்களே இங்கும் வெல்வார்கள் என்று கணிப்பவர்கள் தைவானின் ஷீ சு-வெய் ஆடுவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இருபுறமும் இரு கைகளால் அடிப்பவர். வேகத்தைவிடக் கோணத்தை நம்புபவர். 2024 ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை எலிஸ் மெர்ட்டன்ஸுடன் வென்றபோது அவருக்கு வயது 38.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பது. ஒற்றையரில் அது போதும். இரட்டையரில் வலையருகே நிற்பவரைப் பாருங்கள். சர்வீஸுக்கு முன் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவார்: குறுக்கே பாயப்போகிறேனா, இருந்த இடத்திலேயே இருக்கப்போகிறேனா என்று. சில நேரம் கோர்ட்டின் நடுவில், வலைக்கருகே குனிந்து ஒளிந்ததுபோல் இருப்பார்; எந்தப் பக்கம் எழுவார் என்று எதிரணிக்குத் தெரியாது. பாய்ந்து வந்து பந்தை முடித்தவருக்கு அரங்கம் கைதட்டும். ஆனால் அந்தப் பந்தை அவர் கைக்குக் கொண்டுவந்தது, அதற்கு முன் பின்கோட்டிலிருந்து அவருடைய துணை ஆழமாக அடித்த அடிதான். அந்த அடிக்கும் கைதட்டப் பழகினால் ஆட்டம் வேறொன்றாகத் தெரியும். இருவரும் பின்கோட்டில் நின்றால் பயந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டவும் வேண்டாம். எதிரே வலையில் கூர்மையானவர் இருக்கும்போது, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட நேரம் வேண்டித்தான் அப்படி நிற்கிறார்கள்.

சில விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோர்ட்டின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகக் கூடினாலும் சர்வீஸ் கட்டம் மாறாது. பக்கவாட்டுப் பட்டையில் விழும் சர்வீஸ் தவறானதே. டேபிள் டென்னிஸைப் போல மாறி மாறி அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சர்வீஸ் பந்து தரையைத் தொடுமுன் எதிர்கொள்பவரின் துணைமேல் பட்டால், புள்ளி சர்வீஸ் செய்த ஜோடிக்கே.

ஆட்ட முடிவுச் செய்தியில் இருக்கும் இரு பெயர்களை வெறும் பெயர்களாக வாசிப்பதும் தவறுதான். 2022 செப்டம்பர், சென்னை நுங்கம்பாக்கம் மைதானம். சென்னை ஓபன் மகளிர் இரட்டையர் இறுதியில் கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும், அன்னா பிலின்கோவா - நடேலா ஜலமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று வென்றார்கள். ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று கடந்துபோகத் தோன்றும். ஓராண்டுக்கு முன் அமெரிக்க ஓபன் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து, சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுசெல்லப்பட்டவர் ஸ்டெஃபானி. நீண்ட சிகிச்சைக்குப் பின் அவர் மீண்டும் களமிறங்கிய முதல் தொடர் சென்னைதான். நியூயார்க்கில் அவர் விழுந்த நாளில் கோர்ட்டின் மறுபாதியைக் காத்து நின்றவரும் இதே டப்ரோவ்ஸ்கி.