ரெனி எந்திரப்பி கொண்டு கருந்துளையின் அவத்தை மாற்றத்தைக் கணிக்கும் முறை

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரக் கணிதம் படித்து, வகையீட்டில் கை பழகிய எவரும் இக்கணிப்பை ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். எந்த எந்திரப்பிக்கு (ஒழுங்கின்மையின் அளவுக்கு) எந்த வெப்பநிலை உரியது என்பதை இடையில் மறந்துவிடாமல் இருப்பதுதான் கடினம்.

ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, சுருக்கிய பிளாங்கின் மாறிலி, போல்ற்ஸ்மன் மாறிலி ஆகிய நான்கையும் 1 எனக் கொண்டு, சுழற்சியும் ஏற்றமும் அற்ற சுவாட்ஸ்சைல்ட் கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெக்கென்ஸ்டைன் எந்திரப்பி, ஒளியும் மீள முடியாத எல்லையான நிகழ்வெல்லையின் பரப்பளவில் காற்பங்கு. அதாவது, திணிவின் வர்க்கத்தின் 4பை மடங்கு. திணிவை அதன் சார்பாக வகையிட்டால், ஹோக்கிங் 1974 இல் அறிவித்த வெப்பநிலை கிடைக்கும். அது திணிவுக்கு நேர்மாறு விகிதத்தில் இருப்பதால் வெப்பக்கொள்ளளவு மறையாகிறது. சக்தியை இழக்க இழக்க மேலும் சூடாகும் பொருள், வெப்பக்குளியலில் (மாறா வெப்பநிலையுள்ள சூழலில்) உறுதியாக நிலைக்காது.

இனி, லம்டா என்னும் நேர்ப் பரமானத்தை அந்த எந்திரப்பியால் பெருக்கி, பெறுமானத்தை ‘ப’ என்க. ‘ப’ உடன் 1 ஐக் கூட்டி, இயற்கை மடக்கை எடுத்து, லம்டாவால் வகுத்தால் வருவது ரெனி எந்திரப்பி. லம்டா பூச்சியத்தை அணுகும்போது பழைய எந்திரப்பியே மீளும்.

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள்: எந்திரப்பியை மாற்றிவிட்டு வெப்பநிலையைப் பழையபடியே விட்டால் வெப்ப இயக்கவியலின் முதலாம் விதி உடைந்துவிடும். திணிவை ரெனி எந்திரப்பி சார்பாகவே வகையிடுங்கள். ஹோக்கிங் வெப்பநிலையை, 1 உடன் ‘ப’ வைக் கூட்டிய தொகையால் பெருக்கிய விடை வரும். அதன் வரைபு ‘ப’ 1 ஆகும் இடத்தில் இழிவை அடைகிறது. அதற்கு முன் வெப்பக்கொள்ளளவு மறை, பின்பு நேர். அப்புள்ளியில் அது முடிவிலியாவதைக் கண்டதும் அவத்தை மாற்றம் என்று எழுதிவிட வேண்டாம். அங்கே மாறுவது உள்ளூர் உறுதிநிலை மட்டுமே.

உண்மையான மாற்றத்தைக் காட்டுவது சுயாதீன சக்தி. திணிவிலிருந்து, புதிய வெப்பநிலையையும் ரெனி எந்திரப்பியையும் பெருக்கிக் கழித்து, வெப்பக் கதிர்ப்பின் சுயாதீன சக்தியைப் பூச்சியமெனக் கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டும் சமனாகும் இடத்தில், ‘ப’ உடன் 1 ஐக் கூட்டிய தொகையை அதன் மடக்கையால் பெருக்கினால் ‘ப’ வின் இருமடங்கு வரவேண்டும். தீர்வு ஏறத்தாழ 3.92. சரிபார்க்க, 4.92 ஐ அதன் மடக்கையான 1.593 ஆல் பெருக்கிப் பாருங்கள். (மடக்கை வாய்ப்பாட்டில் உள்ள 10 அடி மடக்கையை 2.303 ஆல் பெருக்க மறந்தால் விடை வராது.) அதற்கு மேல் பெரிய கருந்துளையே விரும்பப்படும் அவத்தை.

ஹோக்கிங்கும் பேஜும் 1983 இல் எதிர் டி சிற்றர் வெளியில் (மறை அண்டவியல் மாறிலி கொண்ட வெளியில்) கண்ட மாற்றத்தின் வெப்பநிலை வரைபும் இதே வடிவத்தது. ஆனால் அங்கே ‘ப’ வுக்கு ஒத்த கணியம் சரியாக 3 இல் மாற்றம் நிகழ்கிறது. எந்திரப்பி அங்கே பரப்பளவுக்கு நேர்விகிதமாகவே இருப்பதுதான் காரணம்.