காமெலியா இலை மஞ்சளானபோது

கோத்தகிரி வீட்டுச் சுவரோரம் நின்ற காமெலியா என்ற பூச்செடியில் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம். உரம் போட்டும் பலனில்லை. ஒரே பேரினத்தைச் சேர்ந்த தேயிலை எதிர்மேட்டில் செழிக்கிறது, இதற்கு மட்டும் என்ன கேடு?

மண்ணைச் சோதித்தேன். பிஎச் (புளிப்பு-கார அளவு; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 7.5! காமெலியா கேட்பது 5.5 முதல் 6.5 வரையான புளிப்பு மண். சுவர் பூசியபோது கொத்தனார்கள் கொட்டிய சிமென்ட் கலவை வேரருகே புதைந்து, மழைக்குச் சுண்ணாம்பை இறக்கி, மண்ணைக் காரமாக்கி, வேருக்கு இரும்பு எட்டாமல் செய்துகொண்டிருந்தது.

கட்டிகளைக் கையாலேயே பொறுக்கினேன்; வேர் மேலாக ஓடும் செடி, மண்வெட்டி ஆகாது. பிறகு கந்தகத் தூள் கொஞ்சம் தூவினேன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்காகும், அதனால் இடைக்காலத்துக்கு இரும்புச் செலேட்டை (செடி எளிதில் ஏற்கும் இரும்பு மருந்து) இலையில் தெளித்தேன். தண்டை ஒட்டாமல் பைன் ஊசி மூடாக்கு, மழைநீர்ப் பாசனம். (காபிச் சக்கை போடச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை.)

முற்றிய மஞ்சள் இலைகள் தேறவில்லை. புதுத் தளிர்கள் கரும்பச்சையாக வந்தன. இப்போது மொட்டுப் பருவம். வேர் காய்ந்தால் மொட்டு உதிரும் என்பதால் ஈரத்தை மட்டும் கவனிக்கிறேன்.